கசக்கிறதா என்று கேட்கும் வேலை

கிள்ளான் போகிற ரயிலில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் பக்கத்திலிருந்தவளிடம் மெதுவாகச் சொன்னாள்: "திரும்பிப் பாக்காதே. அதுதான் காகிதம் திங்க வைக்கிற பொண்ணு."

மெதுவாகச் சொன்னதாக அவள் நினைத்துக்கொண்டாள். பெண்கள் பெட்டி முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது.

அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. முன்பின் தெரியாதவர்களை நாக்கை நீட்டச் சொல்லி, அதில் ஒரு காகிதத் துண்டை வைத்து, "கசக்கிறதா?" என்று கேட்பதுதான் என் உத்தியோகம். அம்மை குத்துகிறவர்களே, குடிக்கணக்கு எடுக்கிறவர்களே, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லி வீட்டுக்கு வீடு ஏறி இறங்கும் உபாத்தியாயர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். படலைத் திறக்கும்போதே உள்ளே பேச்சு நின்றுபோவது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சொன்னால் புரியாது.

காகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது நகத்தளவு துண்டு. ஏதோ ஒரு மருந்தில் நனைத்துக் காயவைத்தது. சிலர் நாக்கில் வைத்தால் தாங்க முடியாத கசப்பு. சிலருக்கு அது வெறும் காகிதம். கண்ணின் நிறம் போல, மூக்கின் அமைப்பு போல, இதுவும் தாய் தகப்பன் வழியாக வருவது. ஒரு ஜாதி ஜனத்தில் கசக்கிறவர்கள் அதிகம், இன்னொன்றில் குறைவு என்று மற்ற தேசங்களில் கண்டிருக்கிறார்கள். கோலாலம்பூரிலோ மூன்று தேசத்து ஜனம் ஒரே தெருவில் இருக்கிறது. எங்கள் லாபரட்டரியின் வெள்ளைக்கார டாக்டர் துரைக்கு அதைப் பார்த்ததும் கை பரபரத்தது. ஆனால் பெண்கள் அவரிடம் நாக்கை நீட்டத் தயாராக இல்லை. அதனால் என்னை வேலைக்கு வைத்தார்.

வீட்டில் பழகியது

மதராஸில் ஜீவசாஸ்திரம் படித்துவிட்டு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அண்ணன் வீட்டுக்குத் திரும்பியிருந்தேன். படிப்பில் குறையில்லை. பேச்சுத்தான் வராது. கடைக்காரர் மீதிச் சில்லறையைக் கொடுக்க மறந்தால் கேட்காமல் வந்துவிடுகிற ரகம். "முதலில் உன் வீட்டில் பழகு," என்றார் துரை.

அண்ணன் ரயில்வேயில் கிளார்க். காகிதத்தை வாயில் வைத்தவர் அடுத்த கணம் கிணற்றடிக்கு ஓடினார். அண்ணி அதே காகிதத்தை நிதானமாகச் சப்பி, திருப்பிப் போட்டுச் சப்பி, "ஒண்ணுமில்லையே," என்றாள். அண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாக்கில்லாதவளைக் கட்டிக்கொண்டதால்தான் இத்தனை காலம் இப்படிச் சாப்பிட வேண்டியிருந்தது என்று விஞ்ஞானமே சொல்லிவிட்டதாம். இது குற்றமுமில்லை, குறையுமில்லை, பிறவி அமைப்பு என்று நான் எடுத்துச் சொன்னேன். நான் சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அண்ணி அகப்பையைக் கீழே வைத்தாள். "ரொம்ப நல்லதாப் போச்சு. கல்யாணமான நாள்லேர்ந்து எதைப் போட்டாலும் கசக்குது கசக்குதுங்கிறாரே, சமையல்ல கோளாறோன்னு நான் அழுதிருக்கேன். வெறும் காகிதம் கசக்குதுங்கிற நாக்குக்கு ஒருத்தி என்னத்தைத்தான் ஆக்கிப் போடுறது?"

பெரியா

என்னோடு கூட வர லாபரட்டரியில் கந்தையாவை அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. எழுத்து முத்துமுத்தாக இருக்கும். நான் உள்ளே போய்ப் பெண்களிடம் கேட்பேன். அவர் வெளிப்படியில் உட்கார்ந்து, காதில் விழுவதை எழுதுவார்.

கிள்ளானுக்கு அருகே ஒரு கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், வயதான அம்மாள் ஒருத்தி காகிதத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். பிறகு முகத்தைச் சுளித்து, "மாச்சாம் பெரியா," என்றாள். மாச்சாம் என்றால் 'மாதிரி' என்று கந்தையாவுக்குத் தெரியும். பெரியாதான் தெரியாது. ஆனால் தமிழ் தெரியுமே. "பெரிய" என்று எழுதிவிட்டுக் காத்திருந்தார். கொஞ்சம் பொறுத்து, வாசலிலிருந்து குரல் கொடுத்தார்: "பெரிய என்ன எண்டு கேளுங்கோ."

நான் வெளியே வந்து, பெரியா என்றால் இங்கே பாகற்காய், அவளுக்குப் பாகற்காய் மாதிரிக் கசக்கிறது என்று விளக்கினேன். கந்தையா எழுதியதை அடித்தார். அடித்த பிறகும் அவருக்கு மனசு ஆறவில்லை. ரயிலடி வரைக்கும் தாளைப் பார்த்தபடியே நடந்தவர் அங்கே நின்று சொன்னார்: "பாவக்காயைப் பெரிய எண்டு சொன்னால், இந்தச் சனம் பூசணிக்காயை என்னெண்டு சொல்லும்?"

கசப்பே இல்லாத தோட்டம்

பந்திங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போனோம். பால்வெட்டு முடிந்து வந்த பெண்களை, தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசர், ஆஸ்பத்திரி வாசலில் வரிசையாக நிறுத்திவைத்திருந்தார். இவ்வளவு வசதி எங்களுக்கு எங்கும் கிடைத்ததில்லை. ஒவ்வொருத்தியாக வந்தாள், நாக்கை நீட்டினாள், காகிதத்தை வாங்கினாள், "ஒண்ணுமில்லீங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். முதல் பெண்ணும் ஒண்ணுமில்லீங்க, கடைசிப் பெண்ணும் ஒண்ணுமில்லீங்க. ஒருத்தி மட்டும் கண்ணில் நீர் முட்ட, தொண்டை ஏறி இறங்க, "இனிப்பா இருக்குங்க," என்றாள்.

துரை அன்று மாலை கணக்கைப் பார்த்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தார். ஒரு தோட்டம் முழுவதும் கசப்பு அறியாத நாக்குகள்! எல்லோரும் ஏதோ ஒரே மூதாதை வழி வந்த உறவுக் கூட்டமாக இருக்க வேண்டும் என்றார். சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் தனித்தனியாகக் கப்பலேறி வந்தவர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் சீமைக்குக் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டார்.

மறுவாரம் நான் தனியாகத் திரும்பிப் போய் ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கிழவியிடம் விசாரித்தேன். தோட்டத்தில் காய்ச்சல் வந்தாலும் வராவிட்டாலும் டிரசர் கசப்பான கொய்னாத் தண்ணியை ஊற்றி, விழுங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார். எங்கள் காகிதத்தை அதன் தங்கச்சி என்று நினைத்திருக்கிறார்கள். கிழவி என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "கசக்குதுன்னு சொன்னா, ஒடம்புல காய்ச்ச ஒளிஞ்சிருக்குன்னு நாளைலேர்ந்து ரெண்டு வேளையா ஊத்துவீங்க. இது எங்களுக்குத் தெரியாதாம்மா?"

சீமைக்குப் போன கடிதத்துக்குப் பின்னாலேயே இன்னொரு கடிதமும் போயிற்று.

மூன்று கட்டம்

துரை கொடுத்த தாளில் மூன்று கட்டங்கள் இருந்தன: தமிழர், மலாய்க்காரர், சீனர். லாபரட்டரி மேஜையில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. கிள்ளான் காய்கறிப் பாசாருக்குப் பின்னால் ஒரு சாப்பாட்டுக் கடை. கடைக்காரர் வீட்டு அம்மாளிடம், "நீங்க யாரும்மா?" என்று கேட்டேன். அத்தா நாகப்பட்டினத்துத் தமிழ் முஸ்லிமாம். அம்மா மலாய்க்காரியாம். அம்மாவைப் பெற்றவளோ சீன வீட்டில் பிறந்து மலாய் வீட்டில் வளர்ந்தவளாம். சொல்லிவிட்டு, நான் எழுதுவேன் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு இதைத் துரையிடம் கேட்டபோது, "அவர்கள் தம்மை என்னவென்று சொல்கிறார்களோ அப்படியே எழுது. நீ முகத்தைப் பார்த்துத் தீர்மானிக்காதே," என்றார். நல்ல விதி. ஆனால் அன்றைக்கு அந்தக் கடைவாசலில் எனக்கு விதி எதுவும் தெரியாது. மூன்று கட்டங்களையும் பார்த்துக்கொண்டு பென்சிலைக் கடித்தேன். அந்த அம்மாளே இரக்கப்பட்டு வழி சொன்னாள்: "ஒரு கடைவாயிலே கசக்குது, ஒரு கடைவாயிலே கசக்கலை, நடுவுலே என்னான்னு புரியலைன்னு போட்டுக்க லா."

துரையின் தமிழ்

துரைக்குத் தமிழ் தெரியும். முன்பு தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்தபோது கற்றுப் பரீட்சையும் எழுதித் தேறியவர். எல்லோரையும் 'நீ' என்பார். தம் நாயை மட்டும் 'வாங்க, உக்காருங்க' என்பார். நாயைப் பார்த்துக்கொண்ட ஆள் அப்படித்தான் அதனோடு பேசுவானாம். இதில் சிரிக்க எதுவுமில்லை என்று முதலில் நினைத்தேன். ஒருநாள் லாபரட்டரி வாசலில் கந்தையாவும் நாயும் ஒன்றாக வந்தார்கள். துரை இருவரையும் பார்த்து, "வாங்க, உள்ளே வாங்க," என்றார்.

கந்தையா என்னிடம் மெல்லக் கேட்டார்: "இதில மரியாதை எனக்கோ, அதுக்கோ?"

கிள்ளான், கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால்

தனித்தனி ஆட்களைப் பார்த்து முடித்ததும் குடும்பங்களைப் பார்க்கச் சொன்னார் துரை. தகப்பன், தாய், பிள்ளைகள் என்று ஒரு வீட்டை முழுவதுமாக எழுத வேண்டும். இதற்கு ஒரு சட்டம் உண்டு. தாய்க்கும் கசக்கவில்லை, தகப்பனுக்கும் கசக்கவில்லை என்றால் பிள்ளைக்கும் கசக்காது. வெறுங்கை இரண்டு சேர்ந்து என்னத்தைக் கொடுக்க முடியும்?

கிள்ளானில் ரயில்வே கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு கூலி லயம், வரிசையாக ஒட்டிய வீடுகள். அங்கே மூட்டை தூக்கும் முத்தையாவின் வீட்டுக்குப் போனேன். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் காகிதத்தைச் சப்பிவிட்டு, "எங்க காண்ட்ராக்டர் குடுக்கிற சாப்பாடு மாதிரியே இருக்கும்மா, ஒரு ருசியுமில்லே," என்று சிரித்துக்கொண்டே போனார். அவர் மனைவி அஞ்சலைக்கும் ஒன்றுமில்லை. அவர்களுக்கு ஒரே பெண், லெட்சுமி, எட்டு வயதிருக்கும். எண்ணெய் வைத்து வாரிய இரட்டைச் சடை, நெற்றியில் சாந்துப்பொட்டு, பாவாடை, வாய் ஓயாத தமிழ். காகிதம் நாக்கில் பட்டதுதான் தாமதம், இடது கண் மூடிக்கொண்டது. தோள் காது வரைக்கும் ஏறியது. "அய்யய்யே, தூ! என்னம்மா இது, எலிப்பாஷாணமா?" என்று குதித்தாள்.

நான் எழுதப் போகும்போது கை நின்றது. சட்டப்படி இப்படி வரக்கூடாது. நிமிர்ந்து பார்த்தேன். சடையையும் பொட்டையும் பார்த்த கண்ணுக்கு அதுவரை முகம் தெரியவில்லை. பொட்டுக்குக் கீழே இருந்தது சீனக் குழந்தையின் முகம்.

அஞ்சலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எம் பொண்ணும்மா. தமிழுன்னு எழுதுங்க," என்றாள். எழுதினேன்.

பக்கத்து வீட்டுக்காரி என்னைக் குழாயடியில் பிடித்துக்கொண்டு சொன்னாள். பந்திங் பக்கம் காய்கறித் தோட்டம் போட்டிருந்த ஒரு சீனக் குடும்பம். அடுத்தடுத்துப் பெண்ணாய்ப் பிறக்க, இதைப் பச்சைக் குழந்தையாகவே அஞ்சலை கையில் கொடுத்துவிட்டு ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். "லயத்துல எல்லாருக்கும் தெரியும். அந்தப் புள்ளைக்கு மட்டும் தெரியாது. பள்ளிக்கூடத்துல எவனோ சீனச்சின்னு கூப்பிட்டான்னு அழுதுகிட்டு வந்துச்சு. நீ வவுத்துல இருக்கையிலே பால் நெறையக் குடிச்சேன், அதான் வெள்ளையாப் பொறந்தேன்னு சொல்லித் தூங்க வச்சா. பெரியவளானதும் தானே சொல்றேன்னிருக்கா. அதுவரைக்கும் நாங்க யாரும் வாயத் தொறக்கிறதில்லே."

மறுநாள் துரை தாளைப் பார்த்தார். முத்தையா, இல்லை. அஞ்சலை, இல்லை. லெட்சுமி, மிகுந்த கசப்பு. இனம், தமிழர். அவர் முகத்தில், பந்திங் தோட்டத்துக் கணக்கைப் பார்த்தபோது வந்த அதே வெளிச்சம். ஒன்று சட்டம் தப்பு, அல்லது என் எழுத்து தப்பு என்றார். "என் எழுத்துத்தான் தப்பாக இருக்கும்," என்றேன். அப்படியானால் நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்று தொப்பியை எடுத்தார். மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கலாம் என்பது அவருக்கு வழியில், காரில் தோன்றியது. "அந்தக் குழந்தை அவர்களுடையதுதானா?" என்று கேட்டார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். "அதையும் கேட்டுவிடலாம். என் தமிழிலேயே கேட்கிறேன், நீ சங்கடப்பட வேண்டாம்," என்றார். எவ்வளவு நல்ல மனிதர் பாருங்கள்.

கார் லயத்துக்குள் போகாது. அவர் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தபோது நான் முன்னால் ஓடினேன். அவ்வளவு வேகமாக நான் ஓடியதை அண்ணி பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பாள். அஞ்சலை வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். லெட்சுமி பக்கத்தில் உட்கார்ந்து கல்லும் நெல்லும் பொறுக்கிக்கொண்டிருந்தாள். துரை வருகிறார் என்று மூச்சுவாங்கச் சொன்னேன்.

"என்னத்துக்கும்மா தொரையே வர்றாரு?" என்றாள் அஞ்சலை.

குழந்தை இருக்கும்போது எப்படிச் சொல்வது? எனக்கோ தனியாக இருந்தாலே வார்த்தை வராது. "உங்களுக்கும் உங்க வீட்டுக்காரருக்கும் கசக்கலேன்னு எழுதியிருக்கேன். இவளுக்குக் கசக்குது. அப்படி வராதுங்கிறாரு," என்றேன்.

"எப்படி வராது?"

"அம்மா அப்பா ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது கசக்கணும்."

அஞ்சலை முறத்தைக் கீழே வைத்தாள். அதற்குள் துரை வந்துவிட்டார்.

லெட்சுமி உள்ளே ஓடி முக்காலி கொண்டுவந்து போட்டாள். துரை உட்காரவில்லை. அஞ்சலையைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். அவளை நன்றாகப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு வார்த்தையாக, பரீட்சையில் தேறிய தமிழில் தொடங்கினார்: "அம்மா, நீ ஒண்ணு சொல்லு. பயப்படாதே. இந்தப் புள்ளே நீ—"

"தொர," என்றாள் அஞ்சலை. "அந்தக் காகிதத்தை இன்னொருவாட்டி குடுங்க."

துரை என்னைப் பார்த்தார். நான் டப்பாவைத் திறந்து ஒரு துண்டை எடுத்து அவள் கையில் வைத்தேன். அஞ்சலை அதை நாக்கில் வைத்து வாயை மூடினாள். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. அவள் பார்வை குழந்தையின் முகத்துக்குப் போயிற்று. பிறகு இடது கண் மூடிக்கொண்டது. தோள் காது வரைக்கும் ஏறியது.

"அய்யய்யே, தூ!" என்றாள். "இதென்ன கசப்பு! கொடலைப் பொரட்டுது."

லெட்சுமி கைகொட்டிச் சிரித்தாள். "அன்னிக்கி ஒண்ணுமில்லேன்னு சொன்னியேம்மா?"

"அன்னிக்கி வெத்தலை போட்டிருந்தேன்டி. வாயெல்லாம் சுண்ணாம்பு. என்ன தெரியும்?"

துரை அஞ்சலையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. குழந்தை இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது.

"வெத்தலை," என்றார் துரை. "ஆமா. வெத்தலை போட்டா தெரியாது."

என் கையிலிருந்த தாளையும் பென்சிலையும் வாங்கி, அஞ்சலையின் பெயருக்கு எதிரே இருந்ததை அடித்துவிட்டு மாற்றி எழுதினார். லெட்சுமி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அஞ்சலை அதை வாங்கிக்கொண்டு வாசல் ஓரமாகப் போய், காறித் துப்பி, வாய் கொப்பளித்தாள்.